மச்சிலிருந்து இறக்கிய நடைவண்டி

மூன்று வாரங்களுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மகன் பட்டாசலின் (வீட்டு நடுக்கூடத்தின்) தென்கோடியிலிருந்து அடுக்களை நிலைப்படி வரை, ஏறத்தாழ 14 அடி தூரத்தை, நடைவண்டியின் கைப்பிடியைப் பற்றியபடி ஒருமுறையும் விழாமல் கடந்து போனான். அப்போது அவனுக்குப் பதினொன்றரை மாதம். அந்த வண்டியைப் பழுதுபார்க்கத் தொடங்கி அன்றோடு ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. இடையில் இரண்டு முறை வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி வண்டியை அவனிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறையும் என் கணிப்புத் தவறியது. முதல் முறை அவனுடைய உதடு கிழிந்து இரத்தம் வந்தது. அந்தத் தவறுகள் எங்கே நேர்ந்தன, எந்த அளவை மாற்றியபோது வண்டி சரியாயிற்று என்பதை, மச்சில் பழைய நடைவண்டி வைத்திருக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி 1984ஆம் ஆண்டு என் அக்காவுக்காக ஊர்த் தச்சர் ஒருவர் செய்து கொடுத்தது. அக்காவுக்குப் பிறகு நானும், எனக்குப் பிறகு தங்கையும் அதைத் தள்ளி நடந்திருக்கிறோம். அதன் அமைப்பு எளியது. இரண்டு தேக்குச் சட்டங்கள் பின்னாலிருந்து முன்னோக்கிக் குறுகி வந்து ஒன்றுசேரும். சேருமிடத்தில் ஒரு சிறிய சக்கரம். பின்னால் ஓர் அச்சின் இரு முனைகளிலும் இரண்டு பெரிய சக்கரங்கள். அச்சுக்கு நேர் மேலே இரண்டு கால்கள் எழுந்து ஒரு குறுக்குக் கைப்பிடியைத் தாங்கும். பிள்ளை அச்சுக்குப் பின்னால் நின்று தள்ள வேண்டும். மச்சிலிருந்து இறக்கியபோது சட்டங்கள் மட்டுமே உறுதியாக இருந்தன. பின்சக்கரங்களில் ஒன்று பாதியாகப் பிளந்திருந்தது, முன்சக்கரம் காணாமற்போயிருந்தது, அச்சு உளுத்துத் தொட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. கடையாணிகளாக இருந்த மூங்கில் குச்சிகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மரம் முழுவதும் பச்சை எனாமல் பூசி, அதன் மேல் இன்னொரு முறை நீலம் பூசியிருந்தார்கள்.

இந்த வேலையை நான் தொடங்கியதற்கு உறவினர் ஒருவர் அன்பாக வாங்கி வந்த பிளாஸ்டிக் வாக்கர்தான் காரணம். பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் சக்கரத்தோடு ஓடவிடும் அந்த வகையை வேண்டாம் என்று எங்கள் குழந்தை மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். பிள்ளை எட்டக்கூடாத இடத்தை நொடியில் எட்டிவிடுவதும், படியில் உருண்டு விழுவதுமாக அதனால் நேர்ந்த காயங்கள் மிகுதி. கனடாவில் 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். பின்னால் நின்று தள்ளும் நடைவண்டியில் பிள்ளை தன் காலில் தானே நிற்கிறான். பிடித்து எழவும், வேண்டாமென்றால் கையை விட்டு உட்காரவும் அவனால் முடியும். ஆயினும் அதுவும் நடையைச் சீக்கிரம் வரவழைக்கும் கருவி அன்று. என் அம்மா, "நீ பத்து மாசத்துல நடந்துட்டல்லா" என்று அடிக்கடி சொல்வதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நலமாக உள்ள பிள்ளைகள் பிடிப்பில்லாமல் தனியே நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். அவசரம் எதுவுமில்லை என்று தெரிந்துகொண்டுதான் தொடங்கினேன். பிறகு அவசரப்பட்டதும் நானேதான்.

முதல் தவறு வண்ணத்தில் நேர்ந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, தார்சாவில் (முன்தாழ்வாரத்தில்) ஒரு சாக்கை விரித்து, 80ஆம் எண் உப்புத்தாளால் பழைய எனாமலைத் தேய்க்கத் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் சாக்கு முழுவதும் நீலமும் பச்சையுமாகத் தூள் படிந்தது. நாலரை வயது மகள் பக்கத்தில் குத்தவைத்து அந்தத் தூளில் விரலால் கோலம் போட்டாள். அதைப் பார்த்த பிறகே எனக்குப் பொறி தட்டியது. வீடுகளுக்கான வண்ணப்பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1984இல் பூசிய எனாமலில் எவ்வளவு ஈயம் இருந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. ஈயத்தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது, அவர்களின் உடல் பெரியவர்களின் உடலைக் காட்டிலும் அதைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். கையில் பரிசோதிக்கும் வழி இல்லாததால், ஈயம் இருக்கிறது என்றே கொண்டு வேலையை நிறுத்தினேன்.

மகளின் கைகளைச் சோப்பிட்டு இருமுறை கழுவி, உடை மாற்றி உள்ளே அனுப்பினேன். தூளைப் பெருக்கினால் பறக்கும் என்பதால் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியையும் சாக்கையும் சேர்த்து ஒரு கவரில் கட்டினேன். மறுவாரம் மனைவியும் பிள்ளைகளும் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாட்களில்தான் மீதி வேலையைச் செய்தேன். வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிக்கு அப்பால், தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, முகமூடி அணிந்து, மரத்தை நனைத்துக்கொண்டே 120ஆம் எண் வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். பிறகு 220. இவ்வகையில் தூள் எழாது. சேறாக வழியும், அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். வேலை மெதுவாக நடந்தது. இரண்டு சட்டங்களுக்கு மட்டும் ஆறு மணி நேரம் ஆயிற்று. பழைய கைப்பிடியில் வண்ணம் வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தது, எவ்வளவு தேய்த்தும் நீலக் கோடுகள் மறையவில்லை. பிள்ளை முதலில் கடிக்கப்போவது கைப்பிடியைத்தான். ஆகவே அப்பாவின் கை பட்ட மரம் என்ற நினைவு தடுத்தபோதும் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்வதென்று முடிவெடுத்தேன்.

புதுக் கைப்பிடிக்கு உடைந்த கட்டிலின் தேக்குக் கால் ஒன்று உதவியது. அதை நீளவாக்கில் அறுத்து, இழைப்புளியால் உருட்டி, 28 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கொண்டுவந்தேன். நீளம் 32 சென்டிமீட்டர். தரையிலிருந்து கைப்பிடி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு, மகனைக் கட்டிலைப் பிடித்து நிற்கவைத்து அளந்தேன். அவன் உயரம் 74 சென்டிமீட்டர், முழங்கையை மடக்கி முன்னால் நீட்டினால் கை நிற்கும் உயரம் 43. அந்த அளவை எடுத்த நேரத்தை மறக்க முடியாது. மனைவி அவனை நிறுத்திப் பிடித்திருந்தாள், மகள் டேப்பின் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தாள், அவன் மட்டும் டேப்பின் மஞ்சள் நிறத்தைக் கண்டுவிட்டு மூன்று முறை குனிந்து அதைப் பிடுங்கினான். நாலாவது முறை, அவனுக்குப் பிடித்த சில்வர் டம்ளரை மனைவி உயரத் தூக்கிக் காட்டிய ஒரு நொடியில்தான் அளவு கிடைத்தது.

அப்போதெல்லாம் எனக்குக் கிடைத்த வேலை நேரம் அவனுடைய தூக்கத்தின் நீளம்தான். பெரும்பாலும் 40 நிமிடம். அதில் துளைபோடும் இயந்திரத்தையும் ரம்பத்தையும் எடுக்கவே முடியாது. சத்தமில்லாத வேலைகளை, அதாவது இழைத்தல், தேய்த்தல், அளவு குறித்தல் ஆகியவற்றை அவன் தூங்கும்போதும், சத்தமுள்ளவற்றை அவன் விழித்து வெளியே உலாவப் போகும் மாலை நேரத்திலும் எனப் பிரித்து எழுதி ஒட்டிக்கொண்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

சக்கரத்தில்தான் பெரிய தவறு நேர்ந்தது. வன்பொருள் கடையில் உள்ளே பேரிங் வைத்த, 4 அங்குல ரப்பர் சக்கரங்கள் ஒன்று 120 ரூபாய்க்குக் கிடைத்தன. மூன்று வாங்கினேன். அச்சுக்கு 8 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, முனைகளில் மரை வெட்டித் தந்தார்கள், 110 ரூபாய். இரண்டே மாலைகளில் பொருத்திவிட்டேன். தரையில் வைத்து விரலால் தொட்டால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடிற்று; இவ்வளவு இலகுவாக ஓடுகிறதே என்று மகிழ்ந்தேன். மகனைக் கைப்பிடியைப் பிடிக்கவைத்தேன். அவன் ஓர் அடி எடுத்து வைத்தான், உடல் முன்னால் சாய்ந்தது, வண்டி அந்தச் சாய்வுக்கு எந்த எதிர்ப்பும் காட்டாமல் முன்னே ஓடிவிட்டது. கால்கள் பின்தங்க, கைகள் வண்டியோடு போக, அவன் நீட்டி விழுந்தான். நான் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தேன், பிடிக்க முடியவில்லை. கீழுதட்டில் உள்பக்கம் கிழிந்திருந்தது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றிப் பத்து நிமிடத்தில் இரத்தம் நின்றது. அன்று முழுவதும் அவன் அந்த வண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பி அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டான்.

அம்மா வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒன்றுதான் வழியைத் திறந்தது. "நீங்க மூணு பேரும் தள்ளும்போது தெரு முனை வரைக்கும் கிறீச்சுனு கேக்கும்லா, இது என்ன சத்தமே இல்லாம ஓடுது?" என்றார். பழைய வண்டியில் மரச்சக்கரம் மர அச்சில் உரசிக்கொண்டே சுற்றியது. அந்த உரசல்தான் தடை, அந்தச் சத்தமும் அதன் சத்தமே. குறையென்று எண்ணி நான் நீக்கியதே அந்த வண்டியைப் பிள்ளைக்கு ஏற்றதாக்கியிருந்தது. பெரியவர்களின் வண்டி எளிதில் ஓட வேண்டும். நடைவண்டி எளிதில் நிற்க வேண்டும்.

மறு சனிக்கிழமை அம்பாசமுத்திரம் போனேன். மரச்சொப்புகளுக்கும் தொட்டில் கடைசலுக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு கடைசல் பட்டறையில் உடைந்த பழைய சக்கரத்தை மாதிரியாகக் காட்டினேன். பட்டறைக்காரர் அதை உள்ளங்கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு எத்தன மாசம்?" என்றுதான் முதலில் கேட்டார். பத்தரை என்றேன். "அப்போ ஓட்டையப் பெருசா விடாதீங்க அண்ணாச்சி, அச்சுல இறுக்கமாவே இருக்கட்டும்" என்றார். மஞ்சக்கடம்பில் கடைந்து தந்தார். பின்சக்கரங்கள் 12 சென்டிமீட்டர் விட்டம், 3 சென்டிமீட்டர் கனம். முன்சக்கரம் 9 சென்டிமீட்டர். நான் கேட்டபடி விளிம்பைச் சுற்றி 20 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளமும் வெட்டினார். கடைசல் சுழலும்போதே அரக்குக் குச்சியை மரத்தின் மேல் அழுத்தினார். உராய்ந்த சூட்டில் அரக்கு உருகி மஞ்சளாகப் பரவியது, பிறகு ஓலையை வைத்து அழுத்தியதும் கண்ணாடிபோல் பளபளத்தது. சக்கரம் ஒன்று 160 ரூபாய். அந்தக் கூலிக்கு அவர் காட்டிய கவனம் மிகப் பெரியது. மூன்றையும் தட்டில் நிறுத்தி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காகிதத்தில் சுற்றித் தந்தார்.

இந்த முறை பொருத்துவதற்கு முன் தடையை அளப்பது என்று உறுதியாக இருந்தேன். வண்டியைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்து, முன்பக்கத்தில் நூல் கட்டி, மேசை விளிம்பில் ஆணியில் சுழலும் ஒரு காலி நூற்கண்டின் மேல் அதைச் செலுத்தி, நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டேன். பைக்குள் கரண்டி கரண்டியாக அரிசி போட்டு, வண்டி நகரத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, அந்த அரிசியை அடுக்களைத் தராசில் நிறுத்தால் வண்டியின் தடை தெரிந்துவிடும். அரிசி போடும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள். ஒவ்வொரு கரண்டிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியையே பார்ப்பாள். நகர்ந்ததும் அவள் கத்துகிற சத்தத்தில் தம்பி தூளிக்குள் புரண்டு படுப்பான். ரப்பர் சக்கரத்துக்கு 60 கிராம் அரிசி போதுமாக இருந்தது. மரச்சக்கரத்தைப் புது அச்சில் எண்ணெயிடாமல் மாட்டியபோது 210 கிராம். லேசாகத் தள்ளிவிட்டால் ரப்பர் சக்கர வண்டி 7 அடி ஓடி நின்றது, மரச்சக்கரத்தில் அது 3 அடியாகக் குறைந்தது. அதுவும் போதாது என்று தோன்றியது. வண்டியின் அச்சை, பயணப் பைகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் ஒரு பயணத் தராசின் கொக்கியில் மாட்டி, தராசைப் பின்னால் சன்னல் கம்பியில் கட்டி, மகனைத் தள்ளவிட்டுப் பார்த்தேன்; அவன் சாய்ந்து தள்ளும்போது முள் 1 கிலோவுக்கும் 1.6 கிலோவுக்கும் இடையில் ஆடியது. அவன் தள்ளும் விசையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தடை இருந்தால் வண்டி நகரவும் நகரும், ஓடியும் போகாது என்று கணக்கிட்டேன்.

அதற்குச் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் வாங்கிய தோல் துண்டு உதவியது. 4 மில்லிமீட்டர் கனமுள்ள தோலை வட்டமாக வெட்டி, பின்சக்கரங்களின் இரு பக்கங்களிலும் வாஷர்போல் வைத்து, கழன்று வராத நைலாக் நட்டால் இறுக்கினேன். அச்சு பூவரசு, இரு முனைகளிலும் 10 மில்லிமீட்டர் போல்ட்டை உள்ளே இறக்கி ஒட்டியிருந்தேன். நட்டை ஒரு சுற்று இறுக்கினால் தடை ஏறும், தளர்த்தினால் இறங்கும். 480 கிராமில் நிறுத்தினேன். தள்ளிவிட்டால் ஒன்றரைச் சாணில் நின்றது. நட்டின் மேல் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள மரமூடி ஒன்றைத் திருகாணியால் பொருத்தினேன். பொம்மைகளுக்கான பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் நுழையும் எந்தப் பாகமும் சிறு பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியதாகக் கருதப்படுகிறது. பழைய வண்டியின் மூங்கில் கடையாணி அந்தக் குழாய்க்குள் தாராளமாக விழும், அதை எண்ணும்போது இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சக்கரத்தின் பள்ளத்தில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இழுத்து மாட்டினேன். ஒட்டியிருந்தால் அவன் ஓரத்தை உரித்து வாயில் வைப்பான். பள்ளத்துக்குள் இறுகி உட்கார்ந்துவிட்டதால் விரலுக்குச் சிக்கவில்லை.

இரண்டாவது முறை கொடுத்தபோது வண்டி ஓடவில்லை, கவிழ்ந்தது. அவன் உட்கார்ந்த நிலையிலிருந்து கைப்பிடியைப் பற்றித் தொங்கி எழ முயன்றான். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி வண்டி அவன் மேல் சாய வந்தது. இம்முறை என் கை கைப்பிடிக்கு அடியிலேயே இருந்தது. பயணத் தராசால் கைப்பிடியைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தால் 900 கிராமிலேயே முன்பக்கம் எழும்பிற்று. 9 கிலோ எடையுள்ள பிள்ளை தொங்கி எழுவதற்கு இது எம்மாத்திரம்! பழைய தச்சர் கைப்பிடியை அச்சுக்கு நேர் மேலே வைத்திருந்தார். அக்காலத்து வண்டியில் முன்பக்கம் கனமான வாகைக் கட்டை ஒன்று இருந்ததாக அம்மா சொன்னார், அதுவும் சக்கரத்தோடு காணாமற்போயிருக்க வேண்டும்.

முன்பக்கத்துக்கு எடை வேண்டும் என்றதும் தாத்தாவின் பலசரக்குக் கடையிலிருந்து மிஞ்சிய ஒரு கிலோ இரும்பு எடைக்கல் நினைவுக்கு வந்தது. எடுத்துத் திருப்பினால், அடியில் முத்திரை குத்துவதற்காக ஊற்றிய ஈயம் தெரிந்தது. வண்ணத்தில் விரட்டிய ஈயத்தை எடையில் அழைத்து வருவதா என்று அதைத் திரும்ப வைத்துவிட்டேன். பதிலாக, 15 சென்டிமீட்டர் நீளமும் 10 அகலமும் 5 உயரமும் உள்ளளவுள்ள ஒரு பலகைப் பெட்டியைச் செய்து, அலசிக் காயவைத்த ஆற்று மணல் 1.2 கிலோவைக் கனத்த துணிப்பையில் இட்டுத் தைத்து, பெட்டிக்குள் வைத்து, மூடியை ஆறு திருகாணிகளால் முடுக்கி, சட்டங்கள் சேருமிடத்தில் பதித்தேன். கைப்பிடியின் கால்களையும் அச்சிலிருந்து 6 சென்டிமீட்டர் முன்னே தள்ளி, சட்டத்தில் புதுத்துளை உளியால் எடுத்து இறக்கினேன். இப்போது 2 கிலோவுக்கு மேல் இழுத்தால்தான் முன்சக்கரம் எழுகிறது. அவன் தொங்கி எழும்போது வண்டி அசையாமல் நிற்கிறது. மணற்பெட்டியின் மூடி மகளின் பொம்மைக்கு இருக்கையாகவும் ஆகிவிட்டது. தம்பி தள்ள, பொம்மை முன்னால் உட்கார்ந்து போகும். அது விழுந்தால் அவனும் நின்றுவிடுவான், அவள் ஓடிவந்து திரும்ப உட்காரவைப்பாள்.

இன்னொரு சிக்கல் தற்செயலாகத் தீர்ந்தது. சுவரில் முட்டியதும் வண்டியைத் திருப்ப முடியாமல் அவன் அழுதான். முன்சக்கரத்தைத் திரும்பக்கூடியதாக மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாளில், அதன் ரப்பர் வளையம் மட்டும் அறுந்துபோயிற்று. வழவழப்பான மரச்சக்கரம் தரையில் பக்கவாட்டில் வழுக்கியது. கைப்பிடியை ஒரு பக்கமாக அழுத்தியதும் வண்டி மெல்லத் திரும்பியது. பின்சக்கரங்களுக்கு மட்டும் ரப்பர், முன்சக்கரம் வெறும் மரம் என்பதே இப்போதைய நிலை. மூன்று நாட்களில் அவன் திருப்பக் கற்றுக்கொண்டான்.

மரத்துக்கு மேற்பூச்சாக அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பொட்டணத்தால் நான்கு முறை பூசினேன். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாக அரக்கைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் அதைத் தேர்ந்தேன். சட்டங்களில் அது நன்றாக நிற்கிறது. கைப்பிடியில் நிற்கவில்லை, எச்சிலில் நனைந்து நனைந்து பத்து நாளில் வெள்ளை பூத்துவிட்டது. அதைச் சுரண்டியெடுத்து, 400ஆம் எண் தாளால் தேய்த்து, பூச்சில்லாமல் வெறும் மரமாகவே விட்டிருக்கிறேன். அதில் இப்போது நான்கு பற்களின் தடம் இருக்கிறது.

செலவு, சக்கரங்களுக்கு 480, போல்ட் நட் வகைக்கு 95, தோலுக்கு 30, தேய்ப்புத் தாள்களுக்கு 120, அரக்குக்கும் ஸ்பிரிட்டுக்கும் 260, திருகாணிகளுக்கு 40, ஆக 1,025 ரூபாய். வீணான ரப்பர் சக்கரங்களுக்கும் கம்பிக்கும் 470 ரூபாய். முதல் நாளே அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும், உதடும் கிழிந்திருக்காது.

மறுபடி ஒன்று செய்தால் சிலவற்றை மாற்றுவேன். கைப்பிடியின் 28 மில்லிமீட்டர் விட்டம் அவனுடைய உள்ளங்கைக்கு அதிகம், விரல்கள் சுற்றி வந்து சேரவில்லை, 22 போதும். பின்சக்கரங்களுக்கிடையே 38 சென்டிமீட்டர் அகலம் வைத்தேன்; சாயாமலிருக்க அது உதவுகிறது, அதைக் குறைக்க மாட்டேன். கைப்பிடியின் கால்களில் மேலும் கீழுமாக மூன்று துளைகளை முன்பே போட்டு வைத்திருப்பேன், வளர வளர உயர்த்தலாம். இப்போது இரண்டு துளைகளைப் பிறகு போட வேண்டியதாயிற்று. பழைய எனாமல் பூசிய வண்டியாக இருந்தால், பிள்ளைகள் வீட்டில் இல்லாத நாளைக் குறித்துக்கொண்ட பிறகுதான் மச்சிலிருந்தே இறக்குவேன்.

ஞாயிறுதோறும் நட்டுகளைச் சரிபார்க்கிறேன். 17ஆம் எண் ஸ்பானரை எடுத்ததும் மகன் தவழ்ந்து வந்து அதன் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறான், இருவருமாகத்தான் திருப்புகிறோம். அவன் கால்கள் உறுதிப்பட உறுதிப்படத் தடையைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். இரண்டாவது வாரம் 480லிருந்து 350 கிராமுக்கு இறக்கினேன். நேற்று அரிசிப் பையில் 250 இருந்தபோது வண்டி நகர்ந்தது. நேற்று மாலை பட்டாசல் நடுவில் கைப்பிடியை விட்டுவிட்டு மூன்று அடி அம்மாவை நோக்கி வந்தான், பிறகு உட்கார்ந்து, தவழ்ந்து திரும்பிப் போய் வண்டியையே பிடித்துக்கொண்டான். தென்காசியில் தங்கை மகளுக்கு இப்போது எட்டு மாதம். அவளுக்குக் கொடுக்கும் முன் நட்டுகளைத் திரும்பவும் 480க்கு இறுக்கி, கைப்பிடியைக் கீழ்த்துளைக்கு, 40 சென்டிமீட்டருக்கு, இறக்கி வைக்க வேண்டும். அந்த இரண்டு எண்களையும் மணற்பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.